ஆலை உதிரிபாகப் பட்டறைக்கு பிடிஎம் மென்பொருள்: முதல் நாளிலிருந்து முழுமையான வழிகாட்டி

தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத்தில் உள்ள செம்பனை ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. டைஜஸ்டர் (வெந்த பழத்தைக் குழைக்கும் கலன்) தண்டு, எண்ணெய் பிழியும் ஸ்க்ரூ பிரஸ் பாகங்கள், கன்வேயர், ஸ்டெரிலைசர் (குலையை வேகவைக்கும் கலன்) கதவு எல்லாம் இங்கே வரைந்து இங்கேயே செய்கிறோம். டிசைன் மேசையில் ஐந்து பேர். இவர்களுடைய கோப்புகளை பிடிஎம் (PDM, வடிவமைப்புத் தகவல் மேலாண்மை) மென்பொருளுக்குள் கொண்டுவரும் வேலையை நான்தான் முடித்தேன். பிறகு தெரிந்தவர்களின் இரண்டு பட்டறைகளுக்கும் போய் உதவினேன். மூன்று இடத்திலும் ஆட்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிடிஎம் செய்வது இவ்வளவுதான்: எல்லா வடிவமைப்புக் கோப்புகளையும் ஒரே பெட்டகத்தில் வைக்கும், ஒரு கோப்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்த முடியும்படி பார்த்துக்கொள்ளும், பழைய பதிப்புகளை அழிக்காமல் வைத்திருக்கும், எது வெட்டுவதற்குத் தயாரான டிராயிங் என்று சொல்லும்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஒரு டைஜஸ்டர் தண்டில் பேரிங் உட்காரும் இடத்தை 120 மில்லிமீட்டரிலிருந்து 125 ஆக மாற்றியிருந்தோம். மாற்றிய கோப்பு ஒரு ஃபோல்டரில் இருந்தது. லேத்துக்குப் போன தாள் இன்னொரு ஃபோல்டரில் இருந்து பிரிண்ட் ஆனது. பேரிங்கை மாட்டும்போதுதான் தெரிந்தது, தண்டு மெலிந்துவிட்டது. "தம்பி, நீங்க கொடுத்த பேப்பரைத்தானே நான் வெட்டினேன்" என்றார் லேத் அண்ணன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆலையில் ஒரு லைன் நின்றது. பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிக்கொண்டே போகும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஆலை வாசலில் குலை லாரிகள் நின்ற வரிசையை நான் மறக்கவில்லை.

1. மென்பொருள் வாங்கும் முன் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்

பொறுப்பாளர் டிசைன் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். கணினிக் கடைக்காரரிடம் இந்தப் பொறுப்பை விடாதீர்கள். சர்வரை அவர் ஏற்றிக் கொடுப்பார். எந்த டிராயிங்கை யார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த ஒருவருக்கு வாரத்தில் குறைந்தது ஒரு முழு நாளாவது வேறு வேலை கொடுக்காமல் விட வேண்டும். இதை முதலாளியிடம் முதலிலேயே பேசி வாங்கிவிடுங்கள். "வேலை இல்லாத நேரத்தில் பார்த்துக்கோ" என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது.

அப்புறம் நாள் குறிப்பது. ஆலைகள் பெரிய பராமரிப்புக்கு நிறுத்தும் மாதத்தில் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தீபாவளிக்கு முந்தின வாரமும் ஆகாது. ஆர்டர் குறைவாக இருக்கும் ஆறு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள்.

2. உங்கள் வரைபட மென்பொருளுக்கு ஏற்றதை எடுங்கள்

இதில் நிறைய யோசிக்க வேண்டியதில்லை. சாலிட்வொர்க்ஸில் வரைகிறீர்களா, சாலிட்வொர்க்ஸ் பிடிஎம். இன்வென்டரிலும் ஆட்டோகேடிலும் வரைகிறீர்களா, ஆட்டோடெஸ்க் வால்ட். ஒரு அசெம்பிளிக்குள் (பல பாகங்களைச் சேர்த்த கோப்பு) எந்த பார்ட் (தனிப் பாகம்) எந்த இடத்தில் இருக்கிறது என்ற இணைப்பை, அந்த வரைபட மென்பொருளுக்காகவே செய்த பிடிஎம்தான் நன்றாகப் படிக்கும்.

புதிதாகப் பணம் கட்டும் முன் கையில் இருக்கும் லைசன்ஸைப் பாருங்கள். சாலிட்வொர்க்ஸ் புரொஃபெஷனல் அல்லது பிரீமியம் வைத்திருப்பவர்களுக்கு பிடிஎம் ஸ்டாண்டர்ட் கூடவே வரும். பல பட்டறைகளில் அது தொடாமலே கிடக்கிறது. ஸ்டாண்டர்டில் ஒரே ஒரு வொர்க்ஃப்ளோதான் (கோப்பு தாண்டிப் போகும் நிலைகளின் வரிசை) போட முடியும். அது எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடும். 2022 பதிப்பு வரை எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வரைபடக் கோப்புகள் டேட்டாபேஸுக்கு வெளியே தனி ஆர்க்கைவ் ஃபோல்டரில் இருக்கும். டேட்டாபேஸில் இருப்பது அவற்றைப் பற்றிய விவரம் மட்டும்தான். ஐந்து பேர் உள்ள பட்டறைக்கு இது பல வருஷம் தாங்கும்.

3. சர்வர், கேபிள், மின்சாரம்

சர்வருக்கு என்று தனிக் கணினி வேண்டும். யாரோ ஒருவர் வரைந்துகொண்டிருக்கும் கணினியையே சர்வராக்கினால், அவர் அதை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது மற்ற நாலு பேரும் கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

டிஸ்க் தாராளமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை செக் இன் செய்யும்போதும் (திருத்தியதைப் பெட்டகத்துக்குள் திரும்ப வைக்கும்போதும்) கோப்பு முழுசாக இன்னொரு பிரதியாகச் சேமிக்கப்படும். 80 எம்பி அசெம்பிளியைப் பத்து முறை செக் இன் செய்தால் 800 எம்பி.

வைஃபையை நம்பாதீர்கள், கிகாபிட் கேபிள் இழுங்கள். நம் ஊரில் சாயங்கால மழையும் இடியும் சொல்லாமல் வரும். யூபிஎஸ், மின்னல் தடுப்பு இரண்டும் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டேட்டாபேஸ் கெட்டுவிடலாம். வெள்ளம் எட்டும் இடமென்றால் சர்வரைத் தரையில் வைக்காதீர்கள்.

4. பழைய கோப்புகளைச் சுத்தம் செய்யுங்கள்

இந்த வேலைதான் முழுத் திட்டத்தில் பாதி. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் மூன்று மாதம் கழித்து "பிடிஎம் சரிப்பட்டு வராது" என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் பகிர்வு டிரைவில் "ஷாஃப்ட் ஃபைனல்", "ஷாஃப்ட் ஃபைனல் நியூ", "ஷாஃப்ட் ஃபைனல் நியூ 2", "ஷாஃப்ட் இதுதான்" என்று நாலு கோப்புகள் இருந்தன. இப்படியே பெட்டகத்துக்குள் கொட்டினால் குழப்பத்துக்குப் பூட்டுப் போட்டு வைத்த மாதிரிதான். எனவே வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் முழு டிரைவையும் வெளி டிஸ்க் ஒன்றில் அப்படியே நகலெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இனி எது கெட்டாலும் திரும்பிப் போக இடம் இருக்கும்.

அடுத்து, கடந்த இரண்டு வருஷத்தில் ஆர்டர் வந்த பொருட்களை மட்டும் பட்டியலிடுங்கள். பெட்டகத்துக்குள் அவை மட்டும் போகட்டும். பத்து வருஷத்துக்கு முன் ஒரே ஒரு ஆலைக்குச் செய்த கன்வேயர் பழைய டிரைவிலேயே கிடக்கட்டும், மறுபடி ஆர்டர் வந்தால் அன்றைக்குக் கொண்டு வரலாம். எல்லாவற்றையும் இன்றைக்கே ஏற்ற வேண்டும் என்ற ஆசைதான் நான் பார்த்ததிலேயே அதிக நேரத்தைத் தின்றது.

பிறகு ஒரே பெயரில் உள்ள வெவ்வேறு பாகங்களைத் தேடுங்கள். "பிளேட் 1" என்ற பெயரில் எங்களிடம் முப்பதுக்கும் மேல் இருந்தன. இது பெரிய ஆபத்து. ஒரு "பிளேட் 1" ஏற்கெனவே திறந்திருக்கும்போது, வேறொரு "பிளேட் 1" உள்ள அசெம்பிளியைத் திறந்தால், சாலிட்வொர்க்ஸ் திறந்திருப்பதையே எடுத்து மாட்டிவிடும். துளை நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வந்து நிற்கும். பெட்டகத்துக்குள் ஒரு பெயர் ஒரே ஒரு முறைதான் என்று விதி வையுங்கள். அதே பெயரில் இரண்டாவது கோப்பு வந்தால் மறுக்கும்படி அமைக்கவும் வழி இருக்கிறது.

பெயர் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் ஃபோல்டரில் போய் நேராகப் பெயரை மாற்றாதீர்கள். அசெம்பிளி தன் பாகத்தைப் பழைய பெயரில்தான் தேடும், கிடைக்காமல் விழிக்கும். சாலிட்வொர்க்ஸில் உள்ள பேக் அண்ட் கோ வசதி வழியாக மாற்றுங்கள், பார்ட், அசெம்பிளி, டிராயிங் மூன்றுக்கும் இணைப்பு சேர்ந்தே மாறும்.

கடைசியாக, ஒவ்வொரு தலை அசெம்பிளியையும் (முழு இயந்திரத்தின் கோப்பு) திறந்து பாருங்கள். பாகம் காணவில்லை என்று கேட்டால் இப்போதே கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். யாரோ ஒருவர் டெஸ்க்டாப்பிலோ, வேலையை விட்டுப் போனவரின் பழைய லேப்டாப்பிலோ அது இருக்கும். கண்டுபிடித்த பிறகு எல்லாக் கோப்புகளையும் இப்போது பயன்படுத்தும் பதிப்பில் ஒருமுறை சேமித்துவிடுங்கள், திறக்கும் நேரம் குறையும்.

5. எண் போடும் முறை

அர்த்தமில்லாத எண் போடுங்கள். இதில் எல்லோரும் என்னிடம் வாதாடுவார்கள். முதல் இரண்டு இலக்கம் ஆலை, அடுத்த இரண்டு இயந்திரம், அப்புறம் பாகம் என்று கட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே புஷ் (தண்டு சுழலும் வளையம்) மூன்று ஆலைக்குப் போகும் அன்று அந்த எண் பொய்யாகிவிடும். உடனே அதே பாகத்துக்கு மூன்று கோப்பு, மூன்று எண். ஒன்றில் செய்த திருத்தம் மற்ற இரண்டுக்கும் போகாது.

100001 என்று தொடங்கி வரிசையாகப் போகட்டும். உங்கள் பிடிஎம் பதிப்பில் தானாக எண் கொடுக்கும் வசதி இருந்தால் அதுவே அடுத்த எண்ணைக் கொடுக்கும், இரண்டு பேருக்கு ஒரே எண் கிடைக்காது. பெயரும் விவரமும் டேட்டா கார்டில் (ஒவ்வொரு கோப்போடும் வரும் விவரப் படிவம்) இருக்கட்டும்.

கார்டில் ஐந்தாறு கட்டங்களுக்கு மேல் வைக்காதீர்கள்: பெயர், பொருள் வகை, எடை, ஆலை, வரைந்தவர், பழைய டிராயிங் எண். இருபது கட்டம் வைத்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள், புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். பழைய எண்ணை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆலை ஃபோர்மேன் போனில் கூப்பிட்டால் பழைய எண்ணைத்தான் சொல்வார்.

6. நிலைகளும் அனுமதியும்

ஒரு கோப்பு எந்தெந்த நிலைகளைத் தாண்டிப் போகும் என்பதுதான் வொர்க்ஃப்ளோ. முதலில் இதை வெள்ளைத் தாளில் வரையுங்கள். எங்களுக்கு நாலு நிலை போதுமானதாக இருந்தது: வேலையில், சரிபார்ப்பில், வெளியிட்டது, கைவிட்டது. வெளியிட்டதைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி "வேலையில்" நிலைக்குக் கொண்டுவர வேண்டும். திரும்ப வெளியிடும்போது ரிவிஷன் எழுத்து ஏ-யிலிருந்து பி ஆகும்.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. வெர்ஷன் வேறு, ரிவிஷன் வேறு. செக் இன் செய்யும் ஒவ்வொரு முறையும் வெர்ஷன் ஒன்று கூடும், அது டிசைனருக்கு மட்டும். ரிவிஷன் என்பது பட்டறைக்கும் ஆலைக்கும் தெரிய வேண்டியது, வெளியிடும்போது மட்டும் மாறும். வெர்ஷன் 14-இல் இருக்கும் கோப்பு ரிவிஷன் பி-யாக இருக்கலாம்.

"வெளியிட்டது" நிலையில் உள்ள கோப்பை டிசைனர் யாரும் செக் அவுட் செய்ய (திருத்துவதற்குத் தன் பெயரில் எடுக்க) முடியாதபடி அனுமதியை அமையுங்கள். சும்மா ஒரு கோட்டைத் திருத்திவிடலாம் என்று தொடுவதைத் தடுக்கும் ஒரே வழி இதுதான். ஸ்டெரிலைசர் மாதிரி அழுத்தக் கலன்களுக்கு இது இன்னும் முக்கியம். ஜேகேகேபி (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) ஒப்புதல் கொடுத்த டிராயிங் எதுவோ அதன்படிதான் செய்ய வேண்டும். ஒப்புதலுக்குப் பிறகு தகட்டின் தடிமனையோ வெல்டிங் விவரத்தையோ யாரும் அமைதியாக மாற்றிவிட முடியாதபடி பெட்டகம் பூட்டி வைக்கும்.

ஒப்புதல் கொடுப்பவர் ஒரே ஒருவர் என்று வைக்காதீர்கள். நான் உதவிய ஒரு பட்டறையில் அப்படித்தான் வைத்தார்கள். அவர் தைப்பூசத்துக்கு விடுப்பில் போனார், மூன்று டிராயிங் சரிபார்ப்பில் தேங்கியது. அவசரத்தில் ஒருவர் வெளியிடாத டிராயிங்கையே பிரிண்ட் எடுத்து லேத்துக்குக் கொடுத்துவிட்டார். முறையே அங்கே உடைந்துவிட்டது. இரண்டு பேரை வையுங்கள். ஆனால் வரைந்தவரே தன் டிராயிங்கைத் தானே ஒப்புக்கொள்ள முடியக்கூடாது.

அனுமதியை ஆள் ஆளாகக் கொடுக்காமல் குழுவாகக் கொடுங்கள்: டிசைனர், ஒப்புதல், பார்வை மட்டும். நாளை புதிதாக ஒரு தம்பி சேர்ந்தால் குழுவில் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. அட்மின் கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள், யார் என்ன செய்தார் என்ற பதிவு பயனில்லாமல் போகும்.

7. கோப்பு ஏற்றும் முன் காப்புப் பிரதி

பலரும் இதைக் கடைசியில் வைப்பார்கள். பெட்டகம் காலியாக இருக்கும்போதே செய்யுங்கள், பரிசோதிப்பது சுலபம்.

டேட்டாபேஸ், ஆர்க்கைவ் ஃபோல்டர் இரண்டையும் ஒரே இரவில் சேர்த்து எடுக்க வேண்டும். ஆர்க்கைவை மட்டும் எடுத்தால் உள்ளே இருப்பது எந்தக் கோப்பின் எந்த வெர்ஷன் என்று சொல்ல ஆள் இருக்காது. டேட்டாபேஸை மட்டும் எடுத்தால் பெயர்ப் பட்டியல் இருக்கும், கோப்பு இருக்காது. வாரம் ஒருமுறை ஒரு பிரதி பட்டறைக் கட்டடத்தை விட்டு வெளியே போகட்டும்.

எடுத்த பிரதியை வேறொரு கணினியில் மீட்டு, ஒரு அசெம்பிளியைத் திறந்து காட்டும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எங்களுக்கு முதல் முறை மீட்கவே முடியவில்லை, ஆர்க்கைவ் இருந்த டிரைவே காப்புப் பட்டியலில் இல்லை. வெறும் பெட்டகத்தில் தெரிந்ததால் அரை மணி நேரத்தில் சரிசெய்தோம்.

8. ஒரே ஒரு வேலையை முழுசாக ஓட்டிப் பாருங்கள்

நடுத்தர அளவில் ஒரு உண்மையான ஆர்டரை எடுங்கள். நாங்கள் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு ஆலைக்குப் போகும் ஸ்க்ரூ கன்வேயரை எடுத்தோம், ஏறக்குறைய அறுபது பாகம். இரண்டு டிசைனர், ஒரு ஒப்புதலாளர், ஒரு லேத்காரர். வரைவதிலிருந்து பொருள் லாரியில் ஏறும் வரை பிடிஎம் வழியாக மட்டும்.

இரண்டு வாரத்தில் எங்கள் வொர்க்ஃப்ளோவை மூன்று முறை மாற்றினோம். எல்லாக் கோப்பும் உள்ளே வந்த பிறகு இப்படி மாற்றுவது பெரும் பாடு.

9. கோப்புகளை ஏற்றும் வரிசை

கீழிருந்து மேலே போங்கள். முதலில் போல்ட், நட், பேரிங் லைப்ரரி. எல்லா அசெம்பிளியும் இவற்றைத் தொடும், இவை உள்ளே இல்லாவிட்டால் ஒவ்வொரு அசெம்பிளியும் வெளியே கை நீட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து பார்ட், துணை அசெம்பிளி, தலை அசெம்பிளி, கடைசியில் டிராயிங். வால்ட் பயன்படுத்துபவர்கள் எல்லோருக்கும் ஒரே புராஜெக்ட் கோப்பை (பாகங்களை எங்கே தேட வேண்டும் என்று இன்வென்டருக்குச் சொல்லும் கோப்பு) முதலில் வைத்துவிட்டு, ஆட்டோலோடர் கருவியால் ஏற்றுங்கள். உடைந்த இணைப்பை அது முன்கூட்டியே காட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கினால் திங்கள் காலைக்குள் முடிக்கலாம். திங்கள் காலையில் பழைய டிரைவைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிடுங்கள். அதில் எழுத முடிகிற வரை யாராவது ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருப்பார், அப்போது எது உண்மை என்று மறுபடி இரண்டு இடத்தில் தேட வேண்டி வரும்.

10. ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பது

ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து எல்லா பட்டனையும் காட்டாதீர்கள். முதல் வாரம் மூன்றே பழக்கம்: காலையில் பசியாறி வந்ததும் கெட் லேட்டஸ்ட் (பெட்டகத்திலிருந்து கடைசிப் பதிப்பை இறக்குவது), தொடும் முன் செக் அவுட், கிளம்பும் முன் செக் இன். செக் இன் செய்யும்போது என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். "பேரிங் இடம் 125 ஆக்கியது" என்று எழுதினால் போதும். "அப்டேட்" என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது.

நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகள் இவை.

புதுக் கோப்பை பெட்டக ஃபோல்டரில் சேமித்துவிட்டு, உள்ளே போய்விட்டது என்று நினைப்பது. சாலிட்வொர்க்ஸ் பிடிஎம்மில் முதல் செக் இன் வரை அது அவருடைய கணினியில் மட்டும்தான் இருக்கும். பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாது, காப்புப் பிரதியிலும் வராது. ஒரு தம்பியின் நாலு நாள் வேலை டிஸ்க்கோடு இப்படிப் போனது.

செக் அவுட் செய்துவிட்டு விடுப்பில் போவது. மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது.

செக் அவுட்டை ரத்து செய்வதை செக் இன் என்று நினைத்து அழுத்துவது. அன்றைய திருத்தம் அத்தனையும் போய்விடும். இந்த இரண்டு பட்டனையும் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுங்கள்.

பெட்டகத்தின் உள்ளூர் ஃபோல்டரை ஒன்டிரைவ் மாதிரி தானாக ஒத்திசையும் இடத்தில் வைப்பது. இரண்டு மென்பொருளும் ஒரே கோப்பை இழுக்கும்.

லங்காப் பக்கமோ பாகான் டத்தோ பக்கமோ ஆலையில் அளவெடுக்கப் போகிறவர்கள், நெட் இருக்காது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் தேவையானதை செக் அவுட் செய்து, முழு அசெம்பிளியும் லேப்டாப்பில் இறங்கியதா என்று பாருங்கள். திரும்பிய அன்றே செக் இன்.

11. லேத்துக்குப் போகும் தாள்

கணினிக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்து, லேத் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு பழைய தாள் தொங்கினால் பட்ட பாடு வீண். எங்கள் தண்டு கெட்டதும் தாளால்தான்.

வெளியிட்ட டிராயிங்கிலிருந்து மட்டும் பிடிஎஃப் உருவாகட்டும். தாளின் ஓரத்தில் ரிவிஷன் எழுத்தும் பிரிண்ட் எடுத்த தேதியும் பெரிதாக இருக்கட்டும். புதுத் தாளைக் கொடுக்கும்போது பழைய தாளைக் கையில் வாங்கிக் கிழித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் லேத்காரர் பட்டறைக் கணினியில் எண்ணைத் தட்டி ரிவிஷன் ஒன்றுதானா என்று பார்க்கட்டும். பார்வை லைசன்ஸ் ஒன்றை அந்தக் கணினிக்கு வாங்கிக் கொடுங்கள். எங்கள் லேத் அண்ணன் இப்போது தாளைக் கையில் வாங்கியதும் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கிறார். எழுத்து ஒத்துவராவிட்டால் இயந்திரத்தை ஓட்டமாட்டார், நேராக மேலே ஏறி வந்துவிடுவார்.

12. முதல் மூன்று மாதம்

வாரம் ஒருமுறை, மூன்று நாளுக்கு மேல் செக் அவுட்டில் கிடக்கும் கோப்புகளைப் பட்டியலெடுத்து உரியவரிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறை காப்புப் பிரதியை மீட்டுப் பாருங்கள்.

வரைபட மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றும்போது எல்லா மேசையையும் ஒரே நாளில் மாற்றுங்கள், அதற்கும் முன் சர்வரை. ஒருவர் புதிய பதிப்பில் சேமித்த கோப்பு, பழைய பதிப்பில் உள்ள மற்ற நாலு பேருக்கும் அப்படியே திறக்காது.

பழைய டிரைவை ஒரு வருஷத்துக்கு அணைக்காதீர்கள். அதிலிருந்து கோப்பு எடுப்பவர்கள் என்ன எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எங்கள் நோட்டில் முதல் மாதம் இரண்டு பக்கம் நிரம்பியது. ஐந்தாம் மாதம் மூன்றே வரிகள், மூன்றும் ஒரே ஆலையின் பழைய பாய்லர் நடைமேடை. அதையும் சுத்தம் செய்து உள்ளே ஏற்றிவிட்டோம்.